12 படிகளும் கேள்விக்கு உட்பட்டவையே

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குடிநோயாளிகளுக்கான ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை, குடியை விடுவதற்காக அதன் கூட்டங்களில் கடைப்பிடிக்கச் சொல்லும் 12 படிகளைக் கேள்வி கேட்கவே கூடாதவை போலச் சித்திரித்திருந்தது. 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பில் வில்சனும் மருத்துவர் பாப் ஸ்மித்தும் தொடங்கிய அந்த அமைப்பால் குடியை விட்டவர்கள் எங்கள் குடியாத்தத்திலும் இருக்கிறார்கள். தொடர்ந்து குடிக்காமல் இருப்பதற்கு அவ்வழி மற்ற சிகிச்சைகளுக்கு இளைத்ததல்ல என்றே மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பும் சொல்கிறது. ஆகவே கூட்டங்களே வேண்டாம் என்பது என் வாதமன்று.

மதுவின் முன் நாம் சக்தியற்றவர்கள் என்று ஒப்புக்கொள்ளச் சொல்கிறது முதல் படி. "நினைத்தால் நாளைக்கே விட்டுவிடுவேன்" என்று வீறாப்புப் பேசுபவருக்கு அது உதவலாம். ஆனால் ஆம்பூரில் தோல் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகும் என் தம்பி, "என் கையில் என்னக்கா இருக்கு, அங்கேயே அப்படித்தானே சொல்றாங்க" என்று அந்தப் படியையே மறுபடி குடிப்பதற்குக் காரணமாக்கிக்கொண்டான். கூட்டத்திலோ, அவன் படிகளை நேர்மையாகக் கடைப்பிடிக்கவில்லை என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். நிலைத்து நின்றவர் படிகளால் நின்றார், வழுக்கியவர் தம் குற்றத்தால் வழுக்கினார் என்றால், அந்தப் படிகளில் குறை இருப்பதாக எந்தக் காலத்தில்தான் தெரியவரும்?

இதைவிட என்னை வருத்தியது மாத்திரை விஷயம். குடிக்கும் வேட்கையைக் குறைக்க மருத்துவர் எழுதிக்கொடுத்த நால்ட்ரெக்ஸோனை அவன் சாப்பிடுவதை அறிந்த மூத்த உறுப்பினர் ஒருவர், மாத்திரையால் வரும் தெளிவு தெளிவே அல்ல என்று சொல்லியிருக்கிறார். அதன்பின் அட்டை பிரிக்கப்படாமல் அலமாரியிலேயே கிடந்தது. உறுப்பினர்கள் மருத்துவர் வேலை பார்க்கலாகாது என்று அந்த அமைப்பின் வெளியீடே அறிவுறுத்துகிறது. நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் கை நடுக்கத்தில் தொடங்கி, வலிப்பும் சித்தப்பிரமையும் கண்டு உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால், மூன்றாம் படி சொல்வதுபோல இறைவனிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டில் கிடப்பது எல்லாருக்கும் பொருந்தாது.

1939இல் வந்த அவர்களுடைய மூல நூல் இந்தப் படிகளைப் பரிந்துரை என்றுதான் சொல்கிறது. உறுப்பினராவதற்கும் குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே போதும் என்பது, மரபுகள் என்று அவர்கள் அழைக்கும் அமைப்பு நெறிகளில் மூன்றாவது. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் கூட்டம் நடத்துவோர் இவ்விரண்டையும் புதிதாக வருபவரிடம் முதல் நாளே சொல்ல வேண்டும். மறுபடி குடித்துவிட்டு வருபவரிடம் எந்தப் படியில் தவறினாய் என்று விசாரிக்கும் முன், மருத்துவரைப் பார்த்தாயா என்று கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
குடியாத்தம்.