முதலில் எடை, பிறகு ஓடிபி

அஞ்சல் துறையின் தமிழ்நாடு வட்டத் தலைமைக்கும், இங்கே பார்சல் கொண்டுசெல்லும் கூரியர் நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம். பார்சல் கட்டி அனுப்புவதையே பிழைப்பாகக் கொண்ட சிறு வியாபாரிகள் நாங்கள். புடவை, புத்தகம், பொடி வகை, செல்போன் என்று சரக்கு பலவிதம். வந்து நிற்கிற சிக்கல் ஒன்றுதான். கிழிந்த பெட்டி, உள்ளே ஒன்றுமில்லாமல் வாடிக்கையாளர் வாசலுக்குப் போய்ச் சேர்கிறது. எந்த இடத்தில் காலியானது என்று கேட்டால் "சிஸ்டத்தில் டெலிவரி ஆகிவிட்டதாகக் காட்டுகிறதே" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. எங்கள் கோரிக்கை சின்னது: வாசலில் ஓடிபி கேட்பதற்கு முன் பார்சலை எடை போடுங்கள், அந்த எடையைப் பதிவு செய்யுங்கள்.

பெட்டி காலியாவது இரண்டு விதமாக நடக்கிறது. ஒன்று, தானாக உடைவது. அதில் எங்கள் ஆட்களுக்கும் பங்கு உண்டு. பத்துக் கிலோ புத்தகத்தை 3 பிளை (மூன்று அடுக்கு) அட்டைப்பெட்டியில் அடைத்து, நடுவில் ஒரே வரி டேப் ஒட்டி அனுப்பினால், கன்வேயரிலிருந்து விழுகிற முதல் விழுகையிலேயே அடிப்பக்கம் பிளந்துவிடும். கனமான சரக்குக்கு 5 பிளை பெட்டி வேண்டும். மேலும் கீழும் நடுமடிப்பில் ஒரு வரி, இரு ஓரங்களிலும் குறுக்கே ஒவ்வொரு வரி என்று டேப் ஒட்ட வேண்டும். தூசி படிந்த பழைய பெட்டியில் எந்த டேப்பும் பிடிக்காது. இப்படி உடைந்த பெட்டியைப் பார்த்தாலே தெரியும்: மூலைகள் நசுங்கியிருக்கும், மடிப்பு வெளிப்பக்கமாகப் பிதுங்கியிருக்கும், கிழிசல் ஓரத்தில் அட்டையின் நார் பிசிர்பிசிராகத் தொங்கும்.

மற்றது, திறந்து எடுப்பது. பிளேடு ஓடிய ஓரம் நேர்கோடாக, பிசிர் இல்லாமல் இருக்கும். பிரவுன் டேப்பின் மேல் இன்னொரு டேப் ஒட்டியிருக்கும். இரண்டின் அகலமோ நிறமோ ஒத்துப்போகாது. டேப்பை உரித்துத் திரும்ப ஒட்டியிருந்தால் அதன் அடியில் அட்டையின் மேல்தோல் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். நகத்தால் நெம்பினாலே கிளம்பிவிடும். யாரும் பார்க்காத இடம் ஒன்று உண்டு: பெட்டியின் செங்குத்து மூலைகளில் ஒன்று, தயாரிக்கும்போதே பசை போட்டு ஒட்டியது. அதைப் பிரித்து, சரக்கை உருவி, மறுபடி பசை தடவிவிட்டால் மேலே உள்ள டேப் அப்படியே கன்னி கழியாமல் இருக்கும். வாடிக்கையாளர் டேப்பைப் பார்த்து நம்பிக் கையெழுத்துப் போட்டுவிடுவார்.

கண்ணை ஏமாற்றலாம், தராசை அவ்வளவு எளிதில் ஏமாற்ற முடியாது. புக்கிங்கில் 2,150 கிராம் இருந்த பார்சல் வாசலில் 310 கிராம் காட்டினால், கையில் இருப்பது பெட்டியின் எடை மட்டும்தான். சில கில்லாடிகள் கல்லோ பழைய செய்தித்தாளோ வைத்து எடையைச் சரிக்கட்டுவதும் உண்டு. ஆனாலும் கிராம் கணக்கில் பொருந்த வைப்பது கடினம்.

இங்கேதான் உங்கள் லேபிள் எங்கள் காலை வாருகிறது. கூரியர் லேபிளில் அச்சாவது பெரும்பாலும் கட்டணத்துக்கான எடை, அதாவது பெட்டி அடைக்கும் இடத்தை எடையாக மாற்றிப் போடும் கணக்கு. 40 × 30 × 30 செ.மீ. பெட்டியின் கன அளவை வழக்கம்போல் 5,000-ஆல் வகுத்தால் 7.2 கிலோ, உள்ளே இருப்பது 2 கிலோ பருத்தித் துணியாக இருக்கும். அந்த 7.2-ஐ வைத்துக்கொண்டு எதையும் நிரூபிக்க முடியாது. இன்னொரு பக்கம், 500 கிராம் படிகளில் மேல்நோக்கி முழுமையாக்கும்போது 300 கிராம் காணாமல் போனாலும் லேபிளில் தெரியாது. உண்மை எடையைக் கிராமில் தனியாக அச்சிடுங்கள். பார்சல்களை ஊர்வாரியாகப் பிரித்து அனுப்பும் பெரிய ஹப்களில் பெட்டி பெல்ட்டில் ஓடும்போதே எடையையும் அளவையும் எடுக்கும் இயந்திரங்கள் இருக்கின்றன. எடை கூடிவிட்டது என்று எங்களிடம் கூடுதல் காசு பிடிக்க அந்தப் பதிவு உடனே கிடைக்கிறது. பார்சல் காலியாகப் போனபின் அதே பதிவைக் கேட்டால் மட்டும் கிடைப்பதில்லை.

ஒவ்வொரு ஹப்பிலும் எடை இருந்தால் சந்தேக வட்டம் சுருங்கும். கோவை ஹப்பில் 2,150, சென்னை ஹப்பில் 310 என்றால், சென்னையில் டெலிவரி எடுத்த பையனைக் குறுக்கு விசாரணை செய்யத் தேவையே இல்லை. இன்று பழி முதலில் விழுவது அவர் தலையில்தான்.

அஞ்சல் துறைக்கு ஒரு சொல். சேதமடைந்த பார்சலை அலுவலகத்திலேயே பெறுநர் முன்னிலையில் திறந்து, உள்ளே இருப்பதைப் பட்டியலிட்டுக் கையெழுத்து வாங்கும் ஓப்பன் டெலிவரி முறை உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. நல்ல முறை. கேட்டால்தான் கிடைக்கிறது, கேட்க வேண்டும் என்று பொதுமக்களுக்குத் தெரியாது. கவுன்டருக்கு மேலே தமிழில் ஒரு அறிவிப்பு மாட்டுங்கள். கிழிந்த பார்சலைத் தபால்காரர் கையில் கொடுத்து அனுப்பாமல் நிறுத்திவைத்து, பெறுநரை அலுவலகத்துக்கு அழையுங்கள்.

இழப்பீட்டு விஷயம் தெரிந்ததே. ஸ்பீட் போஸ்டில் சரக்கு தொலைந்தாலோ சேதமானாலோ, 1999-இல் வந்த அறிவிக்கை சொன்னது கட்டணத்தின் இரு மடங்கு அல்லது 1,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அது. அந்தக் கணக்கில் 80 ரூபாய் கட்டணத்துக்குக் கிடைப்பது 160. 2024 ஜூன் 18 முதல் நடைமுறையில் உள்ள அஞ்சல் அலுவலகச் சட்டமும் துறையின் பொறுப்பை விதிகளில் சொன்ன அளவோடு நிறுத்திவிடுகிறது. ஆகவே விலையுள்ள சரக்குக்கு இன்ஷூரன்ஸ் போடச் சொல்லிக் கவுன்டர் ஊழியரே கேட்க வேண்டும். கூரியரிலும் வரம்பு உண்டு: 1996-இல் ஒரு பின்னலாடை நிறுவனத்தின் வழக்கில், கையெழுத்திட்ட சீட்டில் அச்சிட்டிருந்த 100 டாலர் வரம்பு செல்லும் என்றே உச்ச நீதிமன்றம் சொன்னது. 2007-ஆம் ஆண்டின் சாலைவழி சரக்குப் போக்குவரத்துச் சட்டம் கூரியர்களையும் சேர்த்துக்கொள்கிறது. வழக்குப் போடுவதற்கு முன், புக்கிங் தேதியிலிருந்து 180 நாளுக்குள் எழுத்துமூலம் நோட்டீஸ் கொடுத்தாக வேண்டும். உங்கள் கஸ்டமர் கேர் "விசாரணையில் உள்ளது" என்று மாதக்கணக்கில் இழுத்தால் அந்தக் கெடுவும் கரைந்துபோகும். முதல் பதிலிலேயே இந்தக் கெடுவைத் தெரிவியுங்கள்.

எங்கள் பக்கம் என்ன செய்கிறோம் என்பதையும் சொல்லிவிடுகிறோம். பெட்டிக்குள் இன்னொரு முகவரிச் சீட்டு வைக்கிறோம்: அனுப்புநர், பெறுநர், இருவரின் போன் எண், சரக்குப் பட்டியல். வெளி லேபிள் கிழிந்தாலும், சரக்கு ஹப் தரையில் கொட்டிக் கிடந்தாலும் யாருடையது என்று தெரியும். ஹப்பில் உதிரியாகக் கிடைக்கும் சரக்கை இந்தச் சீட்டைப் பார்த்து அனுப்புவதற்கு ஒரு ஆளை ஒதுக்கினால், தொலைந்ததாக எழுதப்படும் பலவும் வீடு திரும்பும். செல்போன் அனுப்பினால் ஒவ்வொரு போனுக்கும் தனியாக உள்ள அடையாள எண்ணான ஐ.எம்.இ.ஐ.-யைப் பில்லில் போடுகிறோம். பெட்டி காலியாக வந்தால், போலீஸ் புகார் நகலோடு மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் அந்த எண்ணை முடக்கலாம். எடுத்தவனுக்கு அது இந்திய நெட்வொர்க்கில் போனாகப் பயன்படாது.

வாடிக்கையாளருக்கும் ஒரு சீட்டு அனுப்புகிறோம். கிழிந்த பெட்டி வந்தால் ஓடிபி சொல்லாதீர்கள், ஊழியர் நிற்கும்போதே ஆறு பக்கமும் லேபிளும் தெரிய வீடியோ எடுங்கள், சமையலறைத் தராசில் வைத்து எடையையும் அதே வீடியோவில் காட்டுங்கள். சந்தேகமான பக்கத்தில் கத்தி வைக்காமல் எதிர்ப்பக்கத்தில் திறங்கள்; இல்லையென்றால் எது திருடியவன் போட்ட வெட்டு, எது நீங்கள் போட்டது என்று பின்னால் பிரிக்க முடியாது. பெட்டியைக் குப்பையில் போடாதீர்கள். பணத்துக்கு முதலில் விற்றவரைக் கேளுங்கள், கூரியரோடு மல்லுக்கட்டுவது விற்றவர் வேலை. நுகர்வோர் உதவி எண் 1915.

இதெல்லாம் வாசலில் உங்கள் ஊழியர் இரண்டு நிமிடம் நின்றால்தான் நடக்கும். ஒரு நாளைக்கு இத்தனை டெலிவரி என்று அவர் கழுத்தில் இலக்கைக் கட்டிவிட்டு நிற்கச் சொன்னால் அவர் எப்படி நிற்பார்? பையோடு ஒரு கொக்கித் தராசு கொடுங்கள். சில நூறு ரூபாய்தான் ஆகும். டெலிவரி ஆப்பில் ஓடிபி கட்டத்துக்கு முன்னால் "எடை", "பெட்டியின் நிலை" என்று இரண்டு கட்டங்கள் சேருங்கள். எடை பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்தால் ஓடிபி கட்டம் திறக்கவே கூடாது. "சேதம்" என்று அவர் பதிவு செய்தால் அந்த டெலிவரிக்கான காசை அவருக்குப் பிடிக்காதீர்கள். பிடித்தால் யாரும் சேதம் என்று எழுத மாட்டார்கள்.

தீபாவளி நெரிசலுக்கு முன் சில கிளைகளிலாவது இதைத் தொடங்குங்கள். எந்தக் கிளை என்று சொன்னால், அங்கே போகும் எங்கள் பார்சல்களில் உண்மை எடையைக் கிராமில் நாங்களே பெட்டியின் மேல் எழுதி அனுப்புகிறோம்.

இப்படிக்கு,
பார்சல் அனுப்பிப் பிழைக்கும் சிறு வியாபாரிகள்