அந்த 4130 ஏற்கனவே ராமானுஜனோடது: அறிவியல் விழாக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

ஏற்பாட்டுக் குழு அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம்.

போன மாசம் பட்டர்வொர்த் ஹால்ல தமிழ்ப்பள்ளிப் பிள்ளைங்களுக்கு வச்ச அறிவியல் விழாவுல என்ன நடந்துச்சுன்னு உங்களுக்கே தெரியும், நான் முதல்லேருந்து சொல்லப்போறதில்ல. 50 வெள்ளி (ரிங்கிட்) கட்டினா பிள்ளை பேருல ஒரு சிறுகோள், அதான் சூரியனைச் சுத்துற ஒரு குட்டிப் பாறைன்னீங்க, நானும் பாயான் லெப்பாஸ் பேக்டரில ஒரு ஓவர்டைம் கூட எடுத்து கட்டினேன். சர்ட்டிபிகேட்ல தங்க எழுத்துல மக பேரு, கீழ சிறுகோள் நம்பர் 4130. எங்கம்மா அதை பிரேம் போட்டு சாமி மேடை பக்கத்துல மாட்டி, தினம் அதுக்கும் சேத்து சூடம் காட்டுறாங்க.

கீழ் வீட்டுப் பையனோட சர்ட்டிபிகேட்டைப் பாக்கிற வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. அதுலயும் 4130. ஒரே வீட்டுக்கு ரெண்டு பேருகிட்ட டெபாசிட் வாங்கின மாதிரி.

ராத்திரி போன்ல தேடினேன். 4130க்கு ஏற்கனவே பேரு இருக்கு, ராமானுஜன். நம்ம கணக்கு மேதை ராமானுஜனேதான்! 1988 பிப்ரவரி 17ல ஜவ்வாது மலை காவலூர் ஆய்வகத்துல ராஜமோகன் கண்டுபிடிச்சது. நம்மாளு கண்டுபிடிச்சு நம்மாளு பேரு வச்சதை நம்ம பிள்ளைங்களுக்கே, அதுவும் ரெண்டு தடவை, வித்திருக்கீங்க.

இன்னிக்குப் பணம் கட்டினா இன்னிக்கே பேருன்னு மேடைல சொன்னீங்களே, எங்கே நடக்குது அப்படி? நட்சத்திரங்களுக்கு நடுவுல ஒரு புள்ளி நகருதுன்னா முதல்ல தற்காலிகக் குறியீடுதான். அப்புறம் அது நம்ம பக்கம் வர்றப்பெல்லாம் பாத்துப் பாத்து, செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவுல இதுதான் பாதைன்னு அடிச்சுச் சொல்ற நிலைமை வந்தாத்தான் நிரந்தர நம்பர், அதுக்கே வருஷக்கணக்காகும். 1801ல முதல் சிறுகோள் சீரிஸைக் கண்டுபிடிச்ச பியாஸியே சில வாரத்துல அதைத் தொலைச்சுட்டாரு, கணக்கு மேதை காவுஸ் கணக்குப் போட்டு பாதையைச் சொன்ன பிறகுதான் வருஷக் கடைசில மறுபடி சிக்குச்சு. நம்பர் வந்த பிறகு பேரு சொல்ற உரிமை பத்து வருஷத்துக்கு கண்டுபிடிச்சவங்களுக்கு, 16 எழுத்துக்குள்ள இருக்கணும், சர்வதேச வானியல் ஒன்றியத்தோட குழு ஒத்துக்கணும். இதுல எங்கயும் கவுண்டர் போட்டு காசு வாங்குற இடமே இல்ல. விஸ்வநாதன் ஆனந்த் பேருல இருக்கிற 4538, 1988ல ஜப்பான்ல கண்டுபிடிச்சது, பேரு வந்தது 2015ல. உங்ககிட்ட வந்திருந்தா அன்னிக்கே முடிச்சுக் குடுத்திருப்பீங்க.

காசு போனாப் போகுது. ராத்திரி சாப்பிட்டதும் மக காரிடார் கம்பியைப் புடிச்சுக்கிட்டு நிக்கிறா, பதினோராவது மாடி, எதிர்ல கடல், அந்தப் பக்கம் பினாங்குத் தீவு. "அப்பா, அதுதானே என்னோடது?"ன்னு தீவுக்கு மேல பளிச்சுனு இருக்கிறதைக் காட்டுறா. அது வெள்ளி கிரகம். எங்கிட்டேருந்து போனதும் வெள்ளிதான். சிறுகோள்ல வெஸ்டா ஒண்ணுதான் நல்ல இருட்டுல, கிட்ட வர்ற நேரத்துல வெறுங்கண்ணுக்கு லேசா தெரியும், மத்ததுக்கெல்லாம் பைனாகுலரோ டெலஸ்கோப்போ வேணும்னு நான் எப்படிச் சொல்றது? ஆமாம்மான்னு தலையாட்டிட்டு உள்ள வந்துட்டேன். என் பிள்ளைகிட்ட என்னைப் பொய் சொல்ல வச்சுட்டீங்க.

அதனாலதான் கேக்குறேன், பிள்ளைங்க முன்னால வந்து நீங்களே உண்மையைச் சொல்லுங்க.

தமிழ்ப்பள்ளின்னா ஏன் எல்லாருக்கும் இவ்வளவு இளக்காரம்னு தெரியல. ஒரு வருஷம் ஞாபகசக்தி பயிற்சி, அடுத்த வருஷம் விரல் கணக்கு, இப்ப ஆகாயத்தையே கூறு போட்டு வித்தாச்சு. பேனர்ல ராக்கெட், மேடைல மாலை, முதல் வரிசைக்கு மட்டும் மினரல் வாட்டர். 1861லயே மெட்ராஸ்ல இருந்து வானியலாளர் போக்சன் 67 ஆசியாங்கிற சிறுகோளைக் கண்டுபிடிச்சாரு, ஆசியாவுலேருந்து கண்டுபிடிச்ச முதல் சிறுகோளே அதுதான். இதையெல்லாம் பிள்ளைங்களுக்குச் சும்மா சொல்லியிருந்தாலே வாயைப் பொளந்துக்கிட்டு கேட்டிருக்கும்.

கோவத்துல ஏதாச்சும் கூட எழுதியிருந்தா மன்னிச்சுக்குங்க. பணத்தைத் திருப்பிக் குடுங்க, ஆனா அதை கவர்ல போட்டு அனுப்பிட்டு முடிஞ்சுதுன்னு இருந்துடாதீங்க. தயவுசெஞ்சு நேர்ல வந்து பிள்ளைங்ககிட்ட சொல்லுங்க. ஒரு ஞாயித்துக்கிழமை, அதே ஹால், நாங்களே மைக் செட் வாடகைக்கு எடுத்து வைக்கிறோம். ரெண்டு 4130ஐயும் நான் கொண்டாரேன். மாலை மட்டும் இருக்காது.