லேபிள் உரிந்த இசைத்தட்டுக்குப் பெயர் தேடித் தந்தவர்களுக்கு

அன்புள்ளவர்களே,

கராஜ் சேலில் வாங்கிய பெட்டியில் கிடந்த அந்த 78 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு 78 சுற்று) தட்டுக்குப் பெயர் கிடைத்துவிட்டது. ஈரம் பட்டு லேபிள் உரிந்து, மறுபக்கம் விரிசல் விட்டிருந்த தட்டு. ரேமண்ட் ஸ்காட் குயின்டெட் என்ற அமெரிக்க ஜாஸ் குழு 1939-இல் பதிவு செய்த 'இன் ஆன் எய்டீன்த் செஞ்சுரி டிராயிங் ரூம்'தான் அது. உங்கள் உதவி இல்லையென்றால் அது இந்நேரம் குப்பைக்குப் போயிருக்கும்.

முதல் நன்றி எதிர்வீட்டுப் பெரியவருக்கு. ரேடியோ ஸ்டேஷனில் இன்ஜினியராக இருந்து ரிட்டயர் ஆனவர். தட்டைக் கையில் வாங்கியதுமே, "ஆல்கஹால் போட்டுத் துடைச்சிடாதீங்க, தட்டு அரக்கில் செஞ்சது, கரைஞ்சிடும்" என்றார். ஒரு சொட்டு சோப்பு கலந்த தண்ணீரில் பஞ்சை நனைத்து, பாட்டு பதிந்திருக்கும் பள்ளத்தின் போக்கிலேயே வட்டமாகத் துடைத்தார். அப்புறம் ஊசியை மாற்றினார். பின்னால் வந்த எல்.பி. தட்டுகளுக்கான ஊசியின் முனை ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்காது. 78 தட்டின் அகன்ற பள்ளத்துக்கு ஆயிரத்தில் சுமார் மூன்று பங்கு வேண்டுமாம். மெல்லிய ஊசி பள்ளத்தின் அடியில் போய் உட்கார்ந்து அழுக்கைத்தான் வாசிக்கும். ஊசி மாறியதும் வெறும் கரகரப்பாக இருந்த இடத்திலிருந்து கிளாரினெட் எழுந்து வந்தது.

அடுத்த அறையில் இருந்த என் மகன் ஓடிவந்து, "இது பக்ஸ் பன்னி கார்ட்டூன் மியூசிக்தானே?" என்றான். சிரித்தோம். அவனுக்கான நன்றியை ஐஸ்கிரீமாகக் கொடுத்தாயிற்று.

மகளின் பியானோ டீச்சருக்கு போனில் பதிவு செய்து அனுப்பினேன். முழுதும் கேட்கக்கூட இல்லை, "மொசார்ட், கே. 545" என்று பட்டியல் எண்ணோடு பதில் வந்தது. பியானோ படிக்கும் பிள்ளைகள் வாசிக்கிற அதே சி மேஜர் சொனாட்டாவை ஜாஸாக்கி ஓட்டியிருக்கிறார்கள்.

மொசார்ட்டும் கார்ட்டூனும் எங்கே சேரும்? சேர்த்தது டொராண்டோவில் இருக்கும் என் மச்சினன். பழைய ஜாஸ் என்றால் சோறு தண்ணி வேண்டாம் அவனுக்கு. "அத்தான், அது ஸ்காட்தான்" என்று ஆரம்பித்தவன் ஒரு மணி நேரம் போனை வைக்கவில்லை. 1943-இல் ஸ்காட்டின் இசை உரிமைகளை, பக்ஸ் பன்னி கார்ட்டூன்களை எடுத்த வார்னர் பிரதர்ஸ் வாங்க, அவர்களுடைய இசையமைப்பாளர் கார்ல் ஸ்டாலிங் அந்த மெட்டுகளை நூற்றுக்கும் மேற்பட்ட கார்ட்டூன்களில் எடுத்துப் போட்டாராம். ஸ்காட் கார்ட்டூனுக்கென்று எதையும் எழுதவில்லை. ஹாரி வார்னோ என்ற சொந்தப் பெயரை விட்டு, டெலிபோன் டைரக்டரியில் பார்த்துப் புதுப்பெயர் எடுத்துக்கொண்ட மனிதர். அண்ணன் மார்க் வார்னோ சி.பி.எஸ். ரேடியோவில் இசைக்குழு நடத்தியதால், சிபாரிசில் வந்தவர் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே! குயின்டெட் (ஐவர் குழு) என்று பெயர் வைத்துவிட்டு ஆறு பேரை வாசிக்க வைத்ததும் அவர்தான். அந்த ஆறில் டிரம்ஸ் வாசித்த ஜானி வில்லியம்ஸ், 'ஸ்டார் வார்ஸ்' படத்துக்கு இசையமைத்த ஜான் வில்லியம்ஸின் அப்பா. இதைக் கேட்ட பிறகு என் மகன் தட்டைத் தொடும் விதமே மாறிவிட்டது.

ஆனால் மச்சினன் சொன்னால் போதுமா? எங்கள் ஊர் நூலகத்து அம்மாவுக்குத்தான் பெரிய கடன்பட்டிருக்கிறேன். தட்டைச் சாய்த்துப் பிடித்து, பக்கவாட்டில் டார்ச் அடித்தால், பாட்டு முடிந்து லேபிள் தொடங்கும் வழவழப்பான பகுதியில் மங்கலாக எழுத்தும் எண்களும் தெரிந்தன. அதுதான் மேட்ரிக்ஸ் எண், அந்தப் பதிவுக்குக் கம்பெனி கொடுத்த அடையாள எண். ஒன்றா ஏழா என்று எனக்குச் சந்தேகமாக இருந்த இடத்தில் அவர் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் லேசாகத் தேய்த்து எடுத்தார். சாண்டா பார்பராவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகம் தொகுத்திருக்கும் அமெரிக்க ஒலிப்பதிவுப் பட்டியலில் அந்த எண்ணைத் தேட, ஸ்காட்டின் பெயர் வந்து நின்றது. இப்படி ஒரு பட்டியலைப் பொறுமையாகத் தொகுத்து இலவசமாக வைத்திருக்கும் முகம் தெரியாதவர்களுக்கும் ஒரு கும்பிடு.

சரி, பெட்டியின் அடியில் லேபிள் இல்லாத தட்டுகள் இன்னும் கிடக்கின்றன. பெரியவரே, அந்த ஊசியை உள்ளே எடுத்து வைத்துவிடாதீர்கள்.

அன்புடனும் நன்றியுடனும்,
எதிர்வீட்டுத் தமிழன்