பாசனதாரர் சங்க ஆண்டறிக்கை: நம் அணையின் நிலையும் பாதுகாப்பும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பாசனதாரர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சங்கத்தின் வழக்கமான வேலைகள் இந்த ஆண்டு தடையில்லாமல் நடந்தன. செயற்குழு தவறாமல் கூடியது. முறைப்பாசனம் பெரிய தகராறு இல்லாமல் முடிந்து, கடைமடைக்கும் தண்ணீர் போய்ச் சேர்ந்தது. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். அதனால் இந்த அறிக்கையின் மீதியை அணைக்கே ஒதுக்கிவிட்டேன்.

இது நமக்குச் சொந்தமான அணை. அரசுப் பொறியாளர் யாராவது வந்து பார்த்துக்கொள்வார் என்று நாம் இருந்துவிட முடியாது. உலகளவில் பொதுவாக 15 மீட்டரும் அதற்கு மேலும் உயரமுள்ளவற்றைத்தான் பெரிய அணை என்று கணக்கில் எடுக்கிறார்கள். நம் கரை அந்த உயரத்துக்குப் பக்கத்தில்கூட வராது. ஆனால் ஆபத்தை அளக்க உயரம் மட்டும் போதாது, கரைக்குக் கீழே யார் குடியிருக்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டும். அணை கட்டிய காலத்தில் கீழே வயல்தான் இருந்தது. இன்று அங்கே வீடுகள் வந்துவிட்டன. அந்த வீடுகளில் இருப்பவர்களில் பெரும்பாலோர் நம் உறுப்பினர்கள் அல்லர். நம் தண்ணீரில் ஒரு சொட்டுகூட அவர்களுக்குப் பயனில்லை. கரை உடைந்தால் முதலில் போவது அவர்கள் உயிர். 2018 மே 9 இரவு கென்யாவில் சோலாய் என்ற இடத்தில் பட்டேல் அணை உடைந்தது. அது ஒரு தனியார் பண்ணையின் பாசன அணை. கனமழைக்குப் பின் கரை போனது. கீழே இருந்தவர்களில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இதை யாரையும் பயமுறுத்தச் சொல்லவில்லை. நம்மைப் போன்ற ஓர் அணை என்பதால் சொல்கிறேன்.

முதலில் கசிவு. பாசனத்துக்குத் தண்ணீர் திறந்துவிடும் மதகுக்கு இடது பக்கம், பின்கரையின் (தண்ணீர் நிற்காத வெளிப்பக்கத்தின்) அடிவாரத்தில் ஓர் இடம் கோடையிலும் ஈரமாக இருப்பதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். சுற்றிலும் புல் காய்ந்து கிடக்க, அங்கே மட்டும் கோரை பச்சையாக நிற்கிறது. மண் கரை என்றால் கொஞ்சம் கசியத்தான் செய்யும், அது தவறில்லை. எவ்வளவு கசிகிறது, தெளிவாக வருகிறதா கலங்கலாக வருகிறதா என்பதுதான் கேள்வி. தெளிந்த நீர் வந்தால் தண்ணீர் மட்டும் வெளியேறுகிறது. கலங்கல் வந்தால் கரையின் மண்ணும் சேர்ந்து வெளியேறுகிறது, உள்ளே ஒரு குழாய் போல வழி உண்டாகிக்கொண்டிருக்கிறது என்று பொருள். ஆகவே இந்த ஆண்டு கசிவு நீரை ஒரு சிறு வாய்க்காலில் சேர்த்து, அதன் குறுக்கே 90 பாகை ‘வி’ வெட்டு உள்ள தகடு பதித்து, பக்கத்தில் அளவுகோல் நட்டிருக்கிறோம். வெட்டின் அடியிலிருந்து நீர் 5 செ.மீ. நின்றால் விநாடிக்கு முக்கால் லிட்டர் போல ஓடுகிறது. 10 செ.மீ. ஆனால் 4 லிட்டரைத் தாண்டிவிடும். உயரம் இரட்டித்தால் ஓட்டம் ஐந்தரை மடங்குக்கு மேல் போகும் என்பதை அளவெடுப்பவர்கள் மறக்கக் கூடாது. கூடவே கண்ணாடி பாட்டிலில் கசிவு நீரைப் பிடித்து ஓர் இரவு அசையாமல் வைத்து, அடியில் வண்டல் படிகிறதா என்று பார்க்கிறோம். இதுவரை படியவில்லை. அணையின் நீர்மட்டம் ஏறும்போது கசிவும் கொஞ்சம் ஏறுகிறது, இறங்கும்போது இறங்குகிறது. மட்டம் மாறாமல் இருக்கும்போது கசிவு மட்டும் ஏறினால், நேரம் காலம் பார்க்காமல் யாராக இருந்தாலும் என்னை எழுப்பலாம்.

இதில் அவசரம் ஏன் என்று கேட்ட உறுப்பினர்களுக்காக ஒரு செய்தி. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் டீட்டன் அணை 1976 ஜூன் 5 அன்று உடைந்தது. அது 90 மீட்டருக்கு மேல் உயரமான, பொறியாளர்கள் கட்டிய புது அணை. காலையில் கலங்கல் கசிவைப் பார்த்தார்கள். நண்பகலுக்குள் அணை போய்விட்டது. கலங்கல் கண்ட பிறகு கூட்டம் போட்டுப் பேச நேரம் இருக்காது.

அடுத்து கலிங்கு, அதாவது அணை நிறைந்தால் மிகைநீர் தானாக வழிந்து வெளியேறும் இடம். சென்ற பருவத்தில் சிலர் கலிங்கின் மேல் மணல் மூட்டை அடுக்கினார்கள். இன்னும் ஒரு நனைப்புக்கு, அதாவது வயலுக்கு இன்னொரு முறை பாய்ச்சத் தண்ணீர் நிற்கும் என்ற ஆசை எனக்குப் புரிகிறது. பயிர் வாடும்போது அதைத் தப்பென்று சொல்ல யாருக்கும் வாய் வராது. ஆனாலும் மூட்டைகளை எடுக்கச் சொன்னேன், அதில் சிலருக்கு என்மேல் வருத்தம். கணக்கைக் கேளுங்கள். கலிங்குத் தளத்துக்கும் கரை உச்சிக்கும் நடுவே ஒரு மீட்டர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அரை மீட்டர் மூட்டை அடுக்கினால் கலிங்கின் திறன் பாதியாகும் என்று தோன்றும். அப்படியில்லை, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். வெள்ளம் வரும் இரவில் மீதித் தண்ணீருக்குக் கரை உச்சி ஒன்றுதான் வழி. மண் கரையின் மேல் நீர் வழிந்தால் பின்சரிவு அரித்து, கரை அறுந்துவிடும். உலகத்தில் மண் அணைகள் உடைந்ததற்குக் காரணம் பெரும்பாலும் இரண்டுதான்: ஒன்று இப்படி மேலே வழிவது, மற்றது உள்ளே அரிப்பது. ஹவாயின் காவாய் தீவில், தனியார் நிலத்தில் இருந்த கா லோகோ என்ற பழைய கரும்புப் பாசன அணை 2006 மார்ச் 14 அன்று உடைந்து 7 பேர் இறந்தார்கள். மிகைநீர் வெளியேறும் வழியை மூடியிருந்தார்களா என்பதுதான் அதைத் தொடர்ந்து நடந்த வழக்கில் பெரிய கேள்வியாக எழுந்தது. மீன் போய்விடும் என்று கலிங்கில் கட்டும் வலையும் இதே கதைதான். முதல் வெள்ளத்தில் வரும் செத்தையும் கிளையும் அதில் அடைத்துக்கொண்டால், வலை சுவராகிவிடும். கூடுதல் தண்ணீர் வேண்டுமென்றால் தூர் வாருவோம், வாய்க்கால் கசிவை அடைப்போம். கலிங்கைத் தொட வேண்டாம்.

மதகு பற்றியும் சொல்ல வேண்டும். ஷட்டர் தண்டு வளைந்து பாதியில் மாட்டிக்கொண்டதை நேராக்கி கிரீஸ் போட்டிருக்கிறோம், இப்போது முழுதாக ஏறி இறங்குகிறது. கரைக்குள் போகும் குழாயின் நிலைதான் கவலை. கயிற்றில் கட்டிய சிறு கேமராவை உள்ளே இழுத்துப் பார்த்ததில் ஓர் இணைப்பு விலகியிருக்கிறது, அதன் ஓரத்தில் துரு தெரிகிறது. அந்த விலகல் வழியாகச் சுற்றியுள்ள மண் குழாய்க்குள் இழுபடலாம். ஈரம் தெரியும் இடமும் மதகுக்குப் பக்கத்தில் இருப்பதால் இரண்டையும் தனித்தனி விஷயமாகப் பார்க்க நான் தயாரில்லை. அணைப் பொறியியல் தெரிந்த ஒருவர் வந்து பார்க்கும் வரை நாமாகக் கரையைத் தோண்டக் கூடாது.

பின்கரையில் புதரை வெட்டிவிட்டோம், எலி வளைகளை அடைத்தோம். பெரிய மரங்களை விட்டுவைத்திருக்கிறோம். நிழலுக்காக அல்ல, அணை நிறைந்திருக்கும்போது வேரைப் பிடுங்கினால் கசிவுக்கு வழி திறந்துவிடும். தண்ணீரைக் குறைத்த பிறகு வேரோடு எடுத்து, மண்ணைப் படலம் படலமாகப் போட்டு இடித்து இறுக்க வேண்டும். தண்ணீரைக் குறைப்பதையும் மெதுவாகச் செய்ய வேண்டும். மளமளவென்று இறக்கினால் தண்ணீர்ப் பக்கம் ஊறியிருக்கும் முன்கரை சரிந்துவிடும்.

அப்புறம் எச்சரிக்கை ஏற்பாடு. கீழே உள்ள வீடுகளின் தொலைபேசிப் பட்டியல் பாதிதான் தயார். இரவில் யார் யாரை அழைப்பது, மின்சாரமும் சிக்னலும் இல்லையென்றால் எந்த வழியாகப் போய்ச் சொல்வது, மேட்டுக்குப் போக எந்தப் பாதை என்று எதுவும் எழுத்தில் இல்லை. இந்த ஆண்டு எனக்கு மிகவும் மனக்குறையான விஷயம் இதுதான். மழைக்காலத்துக்கு முன் முடித்தே ஆக வேண்டும்.

இன்று சபையின் முன் மூன்று தீர்மானங்களை வைக்கிறேன். மதகுக் குழாயையும் கரையையும் ஆய்வு செய்யத் தகுதியுள்ள பொறியாளரை அமர்த்துவதும், அவர் அறிக்கை வரும் வரை வழக்கமான முழு மட்டத்துக்குக் கீழேயே நீரை நிறுத்துவதும் முதல் தீர்மானம். இதனால் மேட்டு வயல்களுக்கு ஒரு நனைப்பு குறையும், அதை மறைக்கவில்லை. அந்த இழப்பை மேட்டு வயல்காரர்கள் மட்டும் சுமக்காமல், முறைநேரத்தில் எல்லாரும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பது செயற்குழுவின் கருத்து. கலிங்கில் மூட்டை, பலகை, வலை எதுவும் வைக்கக் கூடாது என்பது இரண்டாவது. கீழே குடியிருப்பவர்களில் இருவரைக் கண்காணிப்புக் குழுவில் சேர்த்து, கசிவு அளவுப் பதிவேட்டை அவர்களும் எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று ஆக்குவது மூன்றாவது. மூன்றையும் தனித்தனியாக வாக்கெடுப்புக்கு விடுமாறு தலைவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்