‘அதிகம் உயர்ந்த பங்குகள்’ பட்டியலில் கைமாறிய எண்ணிக்கையையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வணிகப் பக்கத்தில் நாள்தோறும் ‘அதிகம் உயர்ந்த பங்குகள்’ என்று ஒரு கட்டம் வருகிறது. பெயர், விலை, உயர்ந்த சதவீதம் என்று மூன்றே பத்திகள். அதில் யாரும் கேள்விப்படாத சிறு நிறுவனங்கள் அடிக்கடி இடம் பிடிக்கின்றன. அந்தக் கட்டத்தைச் செல்பேசியில் படம் பிடித்து, “பேப்பர்லயே வந்துடுச்சு” என்று வாட்ஸ்அப் குழுக்களில் சுற்ற விடுகிறார்கள். ஓசூர் ஆலைகளில் தீபாவளி போனஸ் போடும் நேரத்திலும், மாந்தோப்புக் குத்தகைப் பணம் புழங்கும் ஆனி, ஆடியிலும் இந்தக் குழுக்கள் சுறுசுறுப்பாகிவிடுகின்றன. அந்த மூன்று பத்திகளுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பது கிருஷ்ணகிரி, தருமபுரி வாசகர்களுக்குத் தெரிய வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு நிறுவனத்துக்கு மொத்தம் 1 கோடி பங்குகள். விலை 20 ரூபாய். 70 லட்சம் பங்குகள் புரமோட்டர்கள், அதாவது நிறுவனத்தை நடத்தும் முதலாளிகள் கையில். 22 லட்சம் பங்குகளை ஆபரேட்டர் கூட்டம், அதாவது விலையைச் செயற்கையாக ஏற்றி விற்பவர்கள், சத்தமில்லாமல் சேர்த்து வைத்திருக்கிறது. அதையும் ஒரே பெயரில் வைப்பதில்லை. 1 சதவீதமோ அதற்கு மேலோ வைத்திருப்பவரின் பெயர் காலாண்டுப் பங்குதாரர் அறிக்கையில் வந்துவிடும் என்பதால், டிரைவர், உறவினர், கணக்கெழுதுபவர் என்று 25 பேர் டீமேட் (மின்னணுப் பங்கு) கணக்குகளில் ஆளுக்கு 88 ஆயிரம் பங்கு. மீதி 8 லட்சம் பொதுமக்களிடம். அதில் பெரும்பகுதி பல ஆண்டுகளாக அசையாமல் கிடக்கும். ஆகவே சந்தைக்கு ஒரு நாளில் வருவது இரண்டாயிரமோ மூவாயிரமோ பங்குகள்தான்.

இத்தகைய பங்கு ஒரு நாளில் இவ்வளவுதான் ஏறலாம், இறங்கலாம் என்று 2, 5, 10, 20 சதவீதம் என எக்ஸ்சேஞ்ச் (பங்குச் சந்தை) வரம்பு வைத்திருக்கிறது. 5 சதவீத வரம்பு உள்ள பங்கை 21 ரூபாய்க்கு ஏற்றி, அப்பர் சர்க்யூட் எனப்படும் அன்றைய உச்ச வரம்பில் நிறுத்த 3,000 பங்கு போதும். அறுபத்து மூவாயிரம் ரூபாய். ஒரு நல்ல கறவை மாட்டின் விலை. விற்பவரும் அவர்கள் ஆளே என்றால் அந்தப் பணமும் வெளியே போவதில்லை; தரகுக் கட்டணமும், வாங்கும்போதும் விற்கும்போதும் 0.1 சதவீதப் பரிவர்த்தனை வரியும்தான் செலவு. தினமும் 5 சதவீதம் ஏறினால் 15 வர்த்தக நாளில் விலை இரட்டிப்பாகி ஏறக்குறைய 41 ரூபாய். 30 நாளில் 86. இந்த ஒன்றரை மாதத்தில் அந்த நிறுவனம் ஒரு ரூபாய் கூடுதலாகச் சம்பாதித்திருக்க வேண்டியதில்லை.

விலையை ஏற்றுவது இவ்வளவு எளிது. சேர்த்த பங்கை விற்று இறக்கிவைப்பதுதான் கடினம். 22 லட்சம் பங்கையும் 80 ரூபாய்க்கு மேல் வாங்கிக்கொள்ள ஆயிரக்கணக்கானவர்கள் வேண்டும். அவர்களைக் கொண்டுவருவது கணக்கு அல்ல, மனசு.

முதலில் ஆபரேட்டரின் ஆட்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பங்கின் பெயரைச் சொல்லி, “வாங்காதீங்க, சும்மா கவனிச்சுட்டு வாங்க” என்பார்கள். மறுநாள் அப்பர் சர்க்யூட். அதற்கு மறுநாளும். ஏற்றுகிறவரே சொல்வதால் சொன்னது பலிக்கத்தான் செய்யும். ஆனால் பார்ப்பவருக்கு அது ஞானமாகத் தெரிகிறது. “அன்னைக்கே ஒரு ஐம்பதாயிரம் போட்டிருந்தா” என்ற ஏக்கம் நான்காம் நாளில் வந்துவிடும். குழுவில் லாபக் கணக்கைப் படம் போட்டு நன்றி சொல்பவர்களில் பலர் அவர்களுடைய ஆட்களாக இருக்கலாம் என்பது அப்போது தோன்றாது.

அடுத்தது கிடைக்காத பொருளின் மேல் வரும் வெறி. திரையில் வாங்கும் பக்கம் 1,84,000 என்று நிற்கும். விற்கும் பக்கம் சுழியம். காலை 9 மணிக்கே ஆர்டர் போட்டும் ஒரு பங்கு கூட வராது. அந்த 1,84,000-இல் பெரும்பகுதி நினைத்த நேரத்தில் ரத்து செய்யக்கூடிய வெற்று ஆர்டராக இருக்கலாம். பார்ப்பவருக்கு அது தெரிய வழியில்லை. நான்கு நாள் கிடைக்காமல் தவித்த பிறகு, ஐந்தாம் நாள் கேட்ட 1,000 பங்கும் ஒரே நொடியில் கிடைத்துவிடும். அதிர்ஷ்டம் என்று நினைப்பார்கள். உண்மையில் அந்த நொடிதான் அபாய மணி. இத்தனை நாள் பூட்டிக் கிடந்தது இன்று திறக்கிறது என்றால் உள்ளே இருந்தவர்கள் வெளியே வருகிறார்கள் என்று பொருள். அதுவரை 3,000 பங்கு கைமாறிய இடத்தில் அன்று 3 லட்சம், 4 லட்சம் கைமாறியிருக்கும். மொத்தப் பங்கில் 0.5 சதவீதத்துக்கு மேல், அதாவது இந்தக் கணக்கில் 50 ஆயிரத்துக்கு மேல், ஒரே கணக்கு ஒரே நாளில் விற்றால் ‘பல்க் டீல்’ என்று பெயர் வெளியாகும். அதனால் 25 கணக்கும் அதற்குக் கீழேயே நின்று ஒரு வாரம், பத்து நாளில் விற்று முடிக்கும்.

போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் தரகரின் ஆட்களே இரண்டு பேர், துண்டுக்குள் விரல் பிடித்து ஒரு மாட்டின் விலையை ஏற்றிக் காட்டினால் நம் ஊர் விவசாயிக்குப் புரிந்துவிடும். மாடு எதிரில் நிற்கிறது. பல்லைப் பார்க்கிறார், மடியைத் தடவுகிறார், நடக்கவிட்டுப் பார்க்கிறார். பங்கில் தடவிப் பார்க்க எதுவும் இல்லை, பச்சை நிற எண்ணைத் தவிர. அதே மனிதர் அங்கே ஏமாறுவது அறியாமையால் அல்ல, அவருடைய சோதனைக் கருவி எதுவும் அங்கே வேலை செய்யாததால்.

பிறகு இறக்கம். லோயர் சர்க்யூட்டில், அதாவது அன்றைய கீழ் வரம்பில், விற்கும் பக்கம் 6,40,000 நிற்கும். வாங்க ஆள் இருக்காது. ஒரே விலையில் யார் முதலில் ஆர்டர் போட்டாரோ அவருக்கே முன்னுரிமை என்பதால் சிறியவர் வரிசையின் கடைசியில். ‘டிரேட் டு டிரேட்’ பிரிவுக்கு மாற்றப்பட்ட பங்கென்றால் வாங்கிய அன்றே விற்கவும் முடியாது. திங்களன்று வாங்கியது கணக்கில் சேர செவ்வாய் ஆகும். 5 சதவீதமாக இறங்கினால் 14 நாளில் பாதி போய்விடும். வரம்பை 2 சதவீதமாகக் குறைத்தால் அதே பாதி போக 35 நாள். வெளியேற முடியாமல் தினமும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

பெரிய சேதம் இந்தக் கட்டத்தில்தான் நடக்கிறது. 84 ரூபாய்க்கு 1,000 பங்கு வாங்கியவரிடம், “ஆபரேட்டர் பயந்தவங்களை உதறிவிடுறார், ஆவரேஜ் பண்ணுங்க” என்று குழுவில் சொல்வார்கள். நடுவில் இரண்டு நாள் ஏற்றியும் காட்டுவார்கள்; மிச்சச் சரக்கைத் தள்ள அது உதவும். நஷ்டத்தை ஒப்புக்கொள்ள மனம் வராதவர் 56 ரூபாயில் இன்னொரு ஆயிரம் வாங்குகிறார். சராசரி 70. அந்த இரண்டாவது தொகைக்குத்தான் பெரும்பாலும் நகை அடகுக்குப் போகிறது. விலை 21-க்கு வரும்போது 1,40,000 ரூபாய் 42,000 ஆகியிருக்கும். வீட்டில் சொல்ல வெட்கம், புகார் கொடுக்கவும் வெட்கம். அந்த வெட்கத்தை நம்பித்தான் அடுத்த பங்கைத் தேடிப் போகிறார்கள்.

சாத்னா பிராட்காஸ்ட் என்ற சிறு நிறுவனத்தின் பங்கு விவகாரம் பொதுவெளியில் உள்ள சான்று. அமெரிக்க நிறுவனம் ஒன்று நான்கு பக்திப் படங்களுக்கு 1,100 கோடி தருகிறது என்பது போன்ற கதைகள் 2022-இல் யூடியூபில் பரப்பப்பட்டன. பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் இடைக்கால ஆணை 2023 மார்ச்சில் வந்தது. இறுதி ஆணை 2025 மே மாதம். செபியின் 2003-ஆம் ஆண்டு மோசடித் தடுப்பு விதிகள் கடுமையானவை. அபராதம் 25 கோடி அல்லது லாபத்தைப் போல் மூன்று மடங்கு, எது அதிகமோ அதுவரை போகலாம். ஆனால் ஆணை வரும்போது பங்கு ஏமாந்தவர் கையில்தான் இருக்கும்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை அதிகமில்லை. எக்ஸ்சேஞ்ச் தளத்தில் பங்கின் பெயரைத் தட்டினால் ஏஎஸ்எம், ஜிஎஸ்எம் என்ற கண்காணிப்புப் பட்டியல்களில் இருக்கிறதா என்று தெரியும். பங்குதாரர் அறிக்கையில், முகமதிப்பில் (சந்தை விலையில் அல்ல, பங்குக்கு நிறுவனம் குறித்த மதிப்பில்) 2 லட்சம் ரூபாய் வரை வைத்திருக்கும் தனிநபர்களின் எண்ணிக்கையை அடுத்தடுத்த காலாண்டுகளில் ஒப்பிட வேண்டும். 1,200 பேர் திடீரென்று 18,000 பேர் ஆகியிருந்தால் ஆபரேட்டரின் சரக்கு ஏற்கெனவே சிறியவர்கள் கைக்கு மாறிவிட்டது. புரமோட்டர் அல்லாத சிலருக்கு மட்டும் தனியாகப் பங்கு ஒதுக்கியிருந்தால், அதை விற்கக்கூடாத ஆறு மாதக் காலம் எப்போது முடிகிறது என்று பார்க்க வேண்டும். அந்தத் தேதியை ஒட்டி நல்ல செய்திகள் குவிந்தால் ஒதுங்கிவிடுவது நல்லது. ஆலோசனை சொல்பவருக்கு ஐஎன்ஹெச் அல்லது ஐஎன்ஏ என்று தொடங்கும் செபி பதிவு எண் இருக்க வேண்டும். அந்த எண்ணையும் செபி தளத்தில் பெயரோடு ஒத்துப் பார்க்க வேண்டும், ஏனெனில் அடுத்தவர் எண்ணைப் போட்டுக்கொள்பவர்களும் உண்டு.

ஏற்கெனவே சிக்கியவர்கள் கோபத்தில் குழுவை விட்டு வெளியேறிவிடக் கூடாது. குழுவின் பெயர், நிர்வாகி எண், தேதியோடு செய்திகளை முதலில் படமெடுத்துக்கொள்ளுங்கள். தானாக மறையும் செய்திகளைத்தான் அவர்கள் விரும்புகிறார்கள். செபியின் கட்டணமில்லா எண் 1800 22 7575. போலிச் செயலியில் பணம் கட்டி ஏமாந்திருந்தால் அது வேறு வகை. தாமதிக்காமல் 1930-ஐ அழைக்க வேண்டும்.

தங்களிடம் எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான். அந்தக் கட்டத்தில் இன்னும் இரண்டு பத்திகள் சேருங்கள்: அன்று கைமாறிய பங்குகளின் எண்ணிக்கை, கண்காணிப்புப் பட்டியலில் உள்ளதா இல்லையா என்பது. இரண்டும் எக்ஸ்சேஞ்ச் தளங்களில் இலவசமாகவே கிடைக்கின்றன. பக்கத்தில் இடம் போதாதென்றால், பத்தாயிரம் பங்குகூடக் கைமாறாத நிறுவனங்களை அந்தப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
பங்குத் தரகு அலுவலகப் பணியாளர்கள் சிலர்,
கிருஷ்ணகிரி.