கொல்லை யாருக்கு, தெருவாசல் யாருக்கு

அன்புள்ள நண்பா,

உன் கடிதமும் பழைய பத்திர நகலும் கிடைத்தன. அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் மனசு லேசாயிற்று. இங்கே எல்லோரும் சுகம். கோடை உழவு ஓடுகிறது, வெயில்தான் தாங்கவில்லை.

வீட்டை நீயும் தம்பியும் பிரித்துக்கொள்ளப் போவதாகவும், பத்திரம் எழுத நாள் பார்த்துவிட்டதாகவும் எழுதியிருக்கிறாய். அந்த நாளைத் தள்ளிப் போடு. முதலில் மனையை அளக்க வேண்டும், கோடு எங்கே விழும் என்று தெரிய வேண்டும், அதற்குப் பிறகுதான் பத்திரம். நம் பக்கம் பாகப்பிரிவினைத் தகராறுகளில் பாதி "மனையில் வடபாதி ஒருவருக்கு, தென்பாதி ஒருவருக்கு" என்று ஒரே வரியில் எழுதி முடித்ததால் வந்தவை.

உன் பத்திரத்தில் 25 குழி என்று இருக்கிறது. தஞ்சைக் குழி 144 சதுர அடி, ஆக 3600 சதுர அடி. சென்ட்டில் எட்டேகால், பட்டாவில் 334 சதுர மீட்டர் என்று வர வேண்டும். பட்டாவில் அதைவிடக் குறைவாக இருந்தால் இப்போதே காரணத்தைத் தேடு. பெரும்பாலும் கொல்லைக் கடைசியில் ஒரு துண்டு வாய்க்கால் புறம்போக்கில் சேர்ந்திருக்கும்.

வடக்கு பார்த்த வீடு. கிழமேல் வடபுறம் 24 அடி, தென்புறம் 21, தென்வடல் இரண்டு பக்கமும் 160. இந்த நான்கு அளவை மட்டும் வைத்துக்கொண்டு மனையின் வடிவத்தைச் சொல்ல முடியாது. நான்கு மூங்கிலை முனையில் கட்டிச் சாய்த்தால் நீளம் மாறாமலே சாய்வது போல, மனையும் சாய்ந்திருக்கலாம். அதனால் மூலைக்கு மூலை இரண்டு குறுக்களவும் எடுக்கச் சொல். இரண்டும் 161 அடி 7 அங்குலத்தை ஒட்டி வந்தால் மனை சாயவில்லை. ஒன்று நீண்டு மற்றது குறைந்தால் சாய்ந்திருக்கிறது, பரப்பும் 3600 வராது. டேப்பைத் திண்ணை ஏறி, ரேழி புகுந்து, முற்றத்தில் இறங்கிப் பிடித்தால் ஒவ்வொரு படியிலும் நீளம் கூடிக்கொண்டே போகும். மட்டமாகப் பிடித்துத் துண்டு துண்டாக அளக்க வேண்டும். பொதுச் சுவர் இருக்கும் இடத்தில் சுவரின் நடுவிலிருந்து அளக்கிறார்களா, உள்முகத்திலிருந்தா என்று தாளிலேயே எழுதி வாங்கு. ஒன்றரை அடிச் சுவர் இரண்டு பக்கமும் இருந்தால் அதிலேயே ஒன்றரை அடி அகலம் வித்தியாசப்படும்.

நத்தம் மனை, அதாவது ஊர்க் குடியிருப்புக்கென்று ஒதுக்கிய நிலம் என்பதால் நத்தம் நில அளவைப் படத்தின் நகல் எடு. பக்கத்துப் புலத்தின், அதாவது பக்கத்து சர்வே எண் நிலத்தின், பழைய படத்தையும் வாங்கிக்கொள். அது லிங்க் என்ற பழைய சர்வே சங்கிலிக் கணக்கில் இருந்தால் 100 லிங்க் 66 அடி, ஒரு லிங்க் 7.92 அங்குலம். லிங்கை அடி என்று படித்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரரோடு மல்லுக்கு நிற்காதே. இன்னொன்றும் பார்க்க வேண்டும். நம் ஊரில் பல தெருக்களில் வீடு நம்முடையது, அடிமனை கோயிலுடையது. பட்டா கோயில் பெயரில் இருந்தால் மண்ணைப் பிரித்துக்கொள்ள உங்களுக்கு உரிமை இல்லை. கோயில் நிலப் பத்திரங்களைப் பதிய மறுக்கச் சொல்லும் பதிவுச் சட்டம் 22-ஏ பிரிவும் குறுக்கே நிற்கலாம்.

சரி, கோடு எங்கே?

நீ நினைப்பது நீளவாக்கில் பிரிப்பது. ஆளுக்கு முன்னால் 12 அடி, பின்னால் பத்தரை. இரண்டு பேருக்கும் தெருவாசல் கிடைக்கும், கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நாளைக்கு யாராவது இடித்துக் கட்ட அனுமதி கேட்டால், 2019ஆம் வருஷத்துக் கட்டட விதிகளின்படி முன்னும் பின்னும் பக்கத்திலும் இடம் விடச் சொல்வார்கள். பக்கத்துக்கு ஒன்றரை மீட்டர் விடச் சொன்னால் அது கிட்டத்தட்ட 5 அடி. ஒரு பக்கம் விட்டாலே வீட்டுக்கு மிஞ்சுவது 7 அடி, சுவர் போக ஒரு கட்டில் போடும் அகலம். உங்கள் தெரு தொடர் கட்டடப் பகுதியாக அறிவிக்கப்பட்டிருந்தால் மட்டும் சுவரோடு சுவர் சேர்த்துக் கட்டலாம், நீளவாக்கில் பிரிப்பதும் சரிப்படும். வீடுகள் ஒட்டி ஒட்டி இருப்பதைப் பார்த்து அப்படித்தான் இருக்கும் என்று முடிவு செய்யாதே. உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டு எழுத்தில் வாங்கு. மற்ற எல்லாம் இந்த ஒரு பதிலைப் பொறுத்தது.

குறுக்கே பிரிப்பதானால் 80 அடியில் கோடு போடத் தோன்றும். அது தவறு. மனை தெற்கே போகப் போகக் குறுகுகிறது. 80 அடியில் வெட்டினால் தெருப் பக்கம் 1860, கொல்லைப் பக்கம் 1740 சதுர அடி. சரிபாதி 1800 வேண்டுமானால் தெருவிலிருந்து 77 அடி 4 அங்குலத்தில் கோடு விழ வேண்டும். அந்தக் கோடு இப்போதைய கூடத்துக்குள் விழுகிறதா, முற்றத்தில் விழுகிறதா என்று சுண்ணாம்பு போட்டுப் பார். புதிதாக ஒரு எல்லை வந்துவிட்டால், நாளைக்கு இடித்துக் கட்டும்போது அந்த எல்லையிலிருந்தும் இடம் விடச் சொல்வார்கள். தாழ்வாரத்துத் தண்ணீர் யார் பக்கம் விழும், கிணறு யார் பக்கம், செப்டிக் டேங்க் யார் பக்கம் என்பதெல்லாம் அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும்.

கொல்லைப் பாகத்துக்கு வழி எது? பின்னால் இருப்பது தெருவா, வாய்க்கால் கரையா? கரையில் மாட்டுவண்டி ஐம்பது வருஷம் போயிருக்கலாம். கிராமக் கணக்கில் வாய்க்கால் புறம்போக்கு என்று இருந்தால் அதை வழியாகக் காட்டிக் கட்டட அனுமதி வாங்க முடியாது. அப்படியானால் தெருவிலிருந்தே வழி விட வேண்டும். 10 அடி வழி விட்டால் முன் மனைக்கு மிஞ்சுவது 14 அடி, வழிக்கே 770 சதுர அடிக்கு மேல் போய்விடும். விட்டே ஆக வேண்டும் என்றால் "நடைபாதை உண்டு" என்று மொட்டையாக எழுதாதே. வழியின் அகலம், நீளம், அது யாருடைய மண், வண்டி போகலாமா, குழாயும் கழிவுநீரும் அதன் அடியில் போகலாமா, எல்லாம் பத்திரத்தில் வர வேண்டும்.

என் யோசனையைக் கேட்டால், தொடர் கட்டடப் பகுதியும் இல்லை, பின்னால் தெருவும் இல்லை என்று தெரிந்தால் மனையைப் பிரிக்கவே வேண்டாம். ஒருவர் பணத்தை வாங்கிக்கொண்டு, தன் பங்கை மற்றவருக்கு விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் கொடுக்கட்டும். அல்லது மண்ணை இருவருக்கும் பொதுவான பிரிபடாத பாகமாக வைத்து, கீழ்தளம் ஒருவருக்கு, மாடி ஒருவருக்கு என்று கட்டிக்கொள்ளுங்கள். 24 அடி மனை ஒரு நல்ல மனை. 12 அடித் துண்டு இரண்டை வாங்க வெளியார் யாரும் வரமாட்டார்கள்.

பிரிப்பது என்றே முடிவானால் அளவுகளோடு வரைபடத்தைப் பத்திரத்தோடு இணைத்து, எல்லோரும் அதிலும் கையெழுத்துப் போடுங்கள். நான்கெல்லையைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார். அளவும் எல்லையும் முரண்பட்டால் பொதுவாக எல்லைதான் நிற்கும். பதிவானதும் பட்டா மாறுதலுக்கு "உட்பிரிவு உள்ளது" என்று மனுப் போடு. முழுப்புலம் என்று போட்டால் கூட்டுப் பட்டாதான் வரும், சர்வேயர் வரமாட்டார். அவர் அளக்க வரும் அன்று இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்களும் இருக்கட்டும். கல்லை அன்றைக்கே நடச் சொல். நம் களிமண்ணில் கல் சாயும், வண்டலில் புதையும். அதனால் ஒவ்வொரு கல்லிலிருந்தும் அசையாத இரண்டு இடத்துக்கு, கிணற்றுச் சுவர், வீட்டு மூலை என்று, தூரம் குறித்து வை. தென்னையையும் மூங்கில் குத்தையும் அடையாளமாக வைக்காதே. மூங்கில் வருஷா வருஷம் நகரும்.

மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12க்கு முன்னால் கொல்லைப் பக்கத்தை அளந்துவிடு. வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால் பழைய கல் கண்ணுக்கே படாது. குறுக்களவு இரண்டையும் எழுதி எனக்கு அனுப்பு, பரப்பை நான் போட்டுத் தருகிறேன். தம்பியையும் அம்மாவையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்