தம்பிக்கு, ஈப்போவிலிருந்து

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். வாட்ஸ்அப்பில் நான் அனுப்புவதற்கெல்லாம் இரண்டு நீலக் கோடு விழுகிறது, பதில்தான் வருவதில்லை. அதனால் தாளை எடுத்துவிட்டேன். கடிதம் என்றால் நீ படித்தாயா இல்லையா என்று எனக்குத் தெரியப்போவதில்லை. உனக்கும் வசதி, எனக்கும் வசதி.

புந்தோங்கில் வாங்கிய கச்சாங் பூத்தே, அதுதான் நம் வறுகடலை, முறுக்கு வகை, இரண்டு பொட்டலம் தனியாக அனுப்பியிருக்கிறேன். போன தடவை அனுப்பியது வந்து சேர்ந்ததா என்று நீ சொல்லவே இல்லை. அம்மாவின் முட்டிவலி பரவாயில்லை. சின்னம்மா மகள் கல்யாணம் நன்றாக நடந்தது. நீ வராததைப் பற்றி யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டார்கள், ஆனால் நான் வேலை என்று சொல்லிவிட்டேன். காலையில் பசியாறாமல் வேலைக்குப் போகாதே. வெறும் கோப்பி பசியாறல் ஆகாது.

சீனப் பெருநாளுக்கு டிவியில் மறுபடியும் நம் குரங்குப் படத்தைப் போட்டார்கள். சாமியாரும் குரங்கும் பன்றியும் மேற்கே சுவடி தேடிப் போகிற பழைய சீனக் கதையை வைத்து, ஸ்டீபன் சௌ குரங்காக நடித்த அந்த ‘சைனீஸ் ஒடிசி’, இரண்டு பாகமும். 1995இல் ஹாங்காங்கில் முதல் பாகம் ஜனவரியில், இரண்டாம் பாகம் பிப்ரவரியில் என்று பெருநாளையொட்டி விட்ட படம். நம் வீட்டுக்கு அது பாசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கிய விசிடியாக வந்தது. தட்டு கீறிப்போய், மாட்டு அரக்கன் வாயைத் திறந்தபடியே நின்றுவிடுவான். நீயும் அக்காவும் எழுந்து போய் டிவி தலையில் தட்டுவீர்கள். தட்டினால் விசிடி ஓடாது என்று எத்தனை சொல்லியும் கேட்டதில்லை. நமக்குக் கேண்டனீஸ் புரியும், உடனே சிரிப்போம். அம்மா கீழே ஓடுகிற மலாய் எழுத்தைப் படித்து முடித்து, நாம் சிரித்து ஓய்ந்த பிறகு தனியாகச் சிரிப்பாள். அதைப் பார்த்து நாம் இன்னொரு முறை சிரிப்போம். இப்போதும் அப்படித்தான் சிரிக்கிறாள். கூடச் சிரிக்க நான் ஒருவன்தான்.

எனக்கு நீங்கள் வைத்த பட்டப்பெயர் ஞாபகம் இருக்கிறதா? தோங் சாம் சோங், படத்தில் குரங்கின் குரு. அந்தச் சாமியார் வாயைத் திறந்தால் மூட மாட்டார். வேண்டுமா, வேண்டுமென்றால் சொல், சொல்லாவிட்டால் எனக்கு எப்படித் தெரியும் என்று ஒன்றையே திருப்பித் திருப்பிச் சொல்லி, கடைசியில் குரங்குக்கு ஆங்கிலப் பாட்டே பாடுவார். காவலுக்கு நிற்கிற குட்டி அரக்கன் அந்தப் பேச்சைத் தாங்காமல் தன் கதையையே முடித்துக்கொள்வான். அந்த வேஷம் கட்டிய லோ கா யிங் கேண்டனீஸ் நாடக மேடைக்காரர், அதனால்தான் மூச்சு விடாமல் பேச முடிகிறது. நான் அப்பா, அதனால் பேசுகிறேன். ஒன்று கவனித்தாயா, அத்தனை பேர் காதைப் பொத்திக்கொண்டாலும் அந்த மனிதர் யாரையும் கெட்ட வார்த்தை சொல்வதில்லை. சாப்பிட்டாயா, சட்டை போட்டாயா என்கிற ரகம்தான்.

பன்றியாக வந்த எங் மான் தாட் 2021இல் புற்றுநோயில் இறந்துபோனார். அப்போது உனக்குச் செய்தி அனுப்பினேன். அதற்கு மட்டும் உடனே பதில் போட்டாய், அழுகிற முகம் மூன்று. அதிலிருந்து, யாராவது செத்தால்தான் பதில் வருமோ என்று அம்மாவிடம் சொல்லித் திட்டு வாங்கினேன்.

ஒரு விஷயம். உன் வாட்ஸ்அப்பில் இப்போது ஹாங்காங் விக்டோரியா துறைமுகப் படம் இருக்கிறது. நல்ல படம், விளக்கெல்லாம் தெளிவாக விழுந்திருக்கிறது. முன்னால் இருந்த படமும் நல்ல படம்தான். நான் எதுவும் கேட்கவில்லை. அக்காவிடமும் கேட்கவில்லை. அவளாக ஏதோ சொல்ல ஆரம்பித்தாள், அம்மா அடுப்படியிலிருந்து கூப்பிட்டுவிட்டாள்.

சரி, படத்துக்கு வருகிறேன். சின்ன வயதில் நீ இரண்டாம் பாகத்தின் கடைசியில் தூங்கிவிடுவாய். தூங்கியதே நல்லது என்று நினைத்துக்கொள்வேன். கொள்ளைக்காரன் ச்சி ச்சூன் போ, அதுவும் ஸ்டீபன் சௌதான், குரங்கின் மறுபிறவி, செத்துப்போன காதலியைக் காப்பாற்ற நிலாப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு காலத்தில் பின்னால் ஓடுகிறான். ஓடி ஓடி, ஒரு தடவை ஐந்நூறு வருஷம் பின்னால் போய் விழுகிறான். அங்கே ச்சி ஹா. தன் வாளை உறையிலிருந்து எவன் உருவுகிறானோ அவன்தான் தன் ஆள் என்று திரிகிறவள். இந்தத் தடியன் விளையாட்டாக உருவிவிடுகிறான். அப்புறம் அவள் அந்த வாளை அவன் கழுத்தில் வைக்கும்போது, உயிர் பிழைக்க ஒரு பொய் சொல்கிறான். உன்மேல் எனக்கு அப்படிக் காதல், கெடு வைக்கச் சொன்னால் பத்தாயிரம் வருஷம் என்று. தியேட்டரே சிரிக்கும் இடம். பின்னால் குன் யாம் அம்மன் எதிரே தங்க வளையத்தைத் தலையில் மாட்டிக்கொள்ளும்போது அதே வார்த்தைகளை, ஏறக்குறைய எழுத்து மாறாமல், நிஜமாகச் சொல்கிறான். வளையத்தை மாட்டினால்தான் குரங்கின் பலம் வரும். மாட்டிய பிறகு ஆசை வைத்தால் வளையம் இறுகும். தங்கக் கவசம் போட்டு ஏழு வண்ண மேகத்தில் ஒருவன் வருவான் என்று அவள் காத்திருந்தாளே, அப்படியேதான் வருகிறான். வந்து, கையைப் பிடித்து, தலை இறுகி, கையை விட்டுவிடுகிறான்.

எனக்கு இந்த இடத்தில் படத்தோடு சண்டை. குருவைக் காப்பாற்ற வேண்டும், ஊரைக் காப்பாற்ற வேண்டும், எல்லாம் சரி. அதற்கு ஏன் அந்தப் பெண்ணை விட வேண்டும்? டைரக்டர் ஜெஃப்ரி லாவ் சிரிப்புப் படம் எடுக்க உட்கார்ந்து எதற்கு இதைச் செய்தார்? அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஊதுவத்திப் புகை என்றாள். ஊதுவத்தி காலையிலேயே அணைந்துவிட்டது.

வேலையைப் பற்றி நான் கேட்கவில்லை. ஆனால் இது உனக்குத் தெரியட்டும். இந்தப் படம் வந்த புதிதில் சீனாவில் ஓடவில்லை. மேற்கே நிங்சியா வறண்ட நிலத்தில், யின்சுவான் பக்கத்துப் பழைய மண்கோட்டையில் போய்க் காற்றிலும் மணலிலும் எடுத்த படம், அவர்கள் ஊரிலேயே விலை போகவில்லை. சில வருஷம் கழித்துப் பெய்ஜிங் பல்கலைக்கழகப் பிள்ளைகள் பார்த்துப் பார்த்து வசனத்தை மனப்பாடம் செய்தார்கள். 2014இல் மறுபடியும் தியேட்டரில் போட்டார்கள். இதை எதற்குச் சொல்கிறேன் என்று கேட்காதே. சும்மா சொன்னேன். உன் கேண்டனீஸும் உன் கணக்கும் எந்த ஊரிலும் சோறு போடும். கடை முதலாளி தவுக்கே இன்னமும் கடையில் யார் வந்தாலும், இவன் வீட்டு மாலாவ், அதாவது குரங்கு, ஹாங்காங்கில் இருக்கிறான் என்று எனக்கு முன்னால் அவரே சொல்லிவிடுகிறார். தவுக்கே மகனுக்குக்கூட உன் அளவுக்கு வரவில்லை, அது அவருக்கும் தெரியும். இவ்வளவு இருந்தும் ஒரு வரி எழுத உனக்கு நேரமில்லை.

படத்துச் சாமியாருக்கு மூலமான நிஜச் சாமியாரைப் பற்றி நீ பள்ளியில் படிவம் ஐந்தில் கட்டுரை எழுதினாயே, யுவான் சுவாங். நூலகப் புத்தகத்தை நீ பாதி படித்தாய், நான்தான் முழுதும் படித்தேன். ஏழாம் நூற்றாண்டில், எல்லையைத் தாண்டக் கூடாது என்று அரசாங்கம் தடை போட்டிருந்தபோது சொல்லாமல் கிளம்பிப் போனவர். நாலந்தாவில் படித்து, நம் காஞ்சிபுரம் வரைக்கும் வந்து, அத்தனை வருஷம் கழித்துத் திரும்புகிறார். நேரே ஊருக்குள் போய்விடவில்லை. வழியில் பட்டுப்பாதை ஊரான கோத்தானில் நின்று பேரரசருக்குக் கடிதம் எழுதுகிறார். அனுமதி இல்லாமல் போனேன், இன்ன இன்ன இடம் பார்த்தேன், என் யானை தண்ணீரில் மூழ்கிப் போனது, சுவடி சுமக்க வாகனம் இல்லை என்று உள்ளதை உள்ளபடி எழுதுகிறார். பேரரசர் தைசோங் என்ன பதில் போட்டார்? மகிழ்ச்சி, சீக்கிரம் வந்து என்னைப் பார் என்று. வழித்துணைக்கும் ஏற்பாடு செய்தார். 645இல் தலைநகர் சாங்ஆனே திரண்டு நின்று அவரை வரவேற்றது.

யானை போய்விட்டது என்று ஒரு வரி எழுதினால் எனக்குப் போதும். எப்படிப் போனது, யார் தப்பு என்றெல்லாம் கேட்க மாட்டேன். கேட்பேன், ஆனால் சாப்பிட்ட பிறகுதான் கேட்பேன். அம்மாவைக் கேட்க விடமாட்டேன். முன்னால் இருந்த படத்தில் இருந்த பிள்ளையையும் இந்த வீட்டில் யாரும் ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. போன பெருநாளுக்கு அது அம்மாவுக்கு அனுப்பிய சால்வையைத்தான் அம்மா இன்னும் கோயிலுக்குப் போர்த்திக்கொண்டு போகிறாள்.

வெறும் கோப்பியோடு வேலைக்குப் போகாதே என்று எழுதிவிட்டேனா? எழுதியிருந்தால் இரண்டு தடவையாக வைத்துக்கொள். இரவில் ரொம்ப நேரம் விழித்திருக்காதே. பணம் வேண்டுமென்றால் அக்காவிடம் கேட்காமல் என்னிடம் கேள், நான் அம்மாவிடம் சொல்ல மாட்டேன்.

அப்புறம் முக்கியமான ஒன்று. உன் பாஸ்போர்ட் இந்த டிசம்பரில் முடிகிறது, நகல் என் கோப்பில் இருக்கிறது. அங்கே தூதரகத்திலேயே புதுப்பிக்கலாம் என்று சொல்வாய். அங்கே வரிசை, தேதி, காத்திருப்பு. இங்கே என்றால் காலையில் போய் மதியச் சாப்பாட்டுக்குள் கையில் வாங்கிவிடலாம். விமான டிக்கெட்டுக்கு நான் போட்டுக்கொடுக்கிறேன். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம், மதியத்தில் கவுண்டர் நெடுநேரம் மூடியிருக்கும். செவ்வாயோ புதனோ பார்த்து வா.

அப்பா